புண்ணில் ஒட்டாத கட்டு

கட்டுப் பிரிக்கும் நாள் என்றாலே புண் உள்ளவருக்கு முதல்நாள் இரவே தூக்கம் போய்விடும். புண்ணில் கசியும் நீரும் ரத்தமும் காஸ் துணியில் ஊறிக் காய்ந்ததும் துணி கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதன் கண்களுக்குள் புதுச் சதையும் வளர்ந்து நுழைகிறது. துணியை உரிக்கும்போது அந்த இளந்தோலும் சேர்ந்து பிய்ந்து வருகிறது. ஆறத் தொடங்கிய புண், மறுபடி முதலிலிருந்து ஆற வேண்டியிருக்கிறது.

முதல் உலகப் போரின்போது இதற்கு ஒரு வழி கண்டவர், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களில் மூத்தவரான ஒகுஸ்த் லூமியேர். வலைத்துணியில் பாரஃபினைத் தோய்த்து அவர் உருவாக்கிய கட்டுதான் 'டூல் கிரா'. இன்றைய பாரஃபின் காஸ் அதன் வழிவந்தது. இப்போது சிலிக்கோன் பூசிய வலைகளும் உண்டு. வலைக் கண்கள் வழியே கசிவு மேலேறும். அதை உறிஞ்ச மேலே பஞ்சுப் பட்டை வேண்டும்.

ஈரம் ஏன் வேண்டும்?

'புண்ணைக் காற்றாட விடு' என்பது நம் வீடுகளில் பழகிய பேச்சு. 1962-ல் ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனை வேறு முடிவைத் தந்தது. பாலிதீன் தாளால் மூடி ஈரம் காத்த காயங்களில், திறந்துவிட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் படர்ந்தது. பொருக்குத் தட்டினால் தோல் செல்கள் அதன் அடியில் வழி தேடித்தான் நகர முடியும். ஈரமான பரப்பில் தடையின்றிப் பரவும்.

மும்பை மருத்துவர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. ஒட்டு அறுவைக்காகத் தோல் எடுத்த இடங்களில், கிருமிநீக்கம் செய்த வாழையிலையால் கட்டுப் போட்டார்கள். வாஸ்லின் காஸைவிட வலி குறைவாக இருந்தது. ஆனால் தோட்டத்து இலையை அப்படியே புண்மீது வைக்கக் கூடாது.

மருந்து எப்போது?

கிருமிகளைக் கொல்லும் கட்டுகளில் பொதுவாகக் குளோர்ஹெக்ஸிடின், போவிடோன் அயோடின், வெள்ளி ஆகியவற்றில் ஒன்று இருக்கும். அயோடின் கட்டின் பழுப்பு நிறம் வெளுத்தால் மருந்து தீர்ந்தது என்று பொருள். வெள்ளி, கசிவில் அயனியாகக் கரைந்து கிருமியின் செல்சுவரையும் நொதிகளையும் தாக்குகிறது.

வெள்ளி என்றதும் எல்லாப் புண்ணுக்கும் அதுவே மேல் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் காலில் சிரைப்புண் உள்ள 213 பேரிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளிக் கட்டும் வெறும் ஒட்டாக் கட்டும் 12 வாரங்களில் ஒரே அளவில்தான் பலன் தந்தன. சிவப்பு, சூடு, வீக்கம், சீழ், துர்நாற்றம் என்று தொற்று தெரியும்போதே மருந்துக் கட்டு தேவை. இரண்டு வாரத்தில் பலனை மறுபடி பார்த்து முடிவெடுக்க வேண்டும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் அயோடின் கட்டுக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ கட்டு மட்டும் போதாது.

சர்க்கரை நோயாளிகளின் காலில் உணர்வு மங்கியிருக்கலாம்; புண் முற்றினாலும் வலிக்காமல் போகலாம். அவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். புண்மீது பாரம் விழாமலும் காக்க வேண்டும்.

கட்டு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சலைன் ஊற்றி ஊறவிட்டுப் பொறுமையாக எடுங்கள். வளர்ந்த தோல் மிஞ்சட்டும்.