பண்டிகைத் திரையில் ஆட்கொணர்வு மனு: நிஜ நீதிமன்றத்தில் அது எதுவரை செல்லும்?

மார்டள்ளி: பண்டிகை விடுமுறையில் குடும்பத்துடன் பார்க்கும் படங்களில் நீதிமன்றக் காட்சிகளுக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான 'பராசக்தி' படத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்று சிவாஜி கணேசன் பேசிய வசனம் இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. 2021-ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி நவம்பர் 2-ஆம் தேதி இணையத்தில் வெளியான 'ஜெய் பீம்', ஒரு சட்டச் சொல்லையே வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அந்தச் சொல் 'ஆட்கொணர்வு மனு'.

அந்த மனு உண்மையில் எதைச் செய்யும், எதைச் செய்யாது? தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் மார்டள்ளி வட்டாரத்தின் அனுபவம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது.

ஆட்கொணர்வு மனு என்றால் என்ன?

ஒருவர் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் கருதினால், அவரை நேரில் நிறுத்துமாறு நீதிமன்றத்தைக் கோருவதே ஆட்கொணர்வு மனு. அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்திலும், 32-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்திலும் இதைத் தாக்கல் செய்யலாம். அடைக்கப்பட்டவருக்காக உறவினரோ நண்பரோ மனு செய்ய முடியும். 'அவர் எங்கே, எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறீர்கள்?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் அரசு பதில் சொல்லியாக வேண்டும்.

திரையில் வந்தது உண்மையா?

த.செ.ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்', 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் காவல்துறையினரால் அழைத்துச் செல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கைத் தழுவியது. அவர் தப்பியோடிவிட்டதாகக் காவல்துறை கூறியது. அவருடைய மனைவிக்காக அன்றைய வழக்கறிஞர் கே.சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். காவலில் நேர்ந்த மரணம் அதன்வழி வெளிப்பட்டது. காவலர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. சந்துரு 2006 முதல் 2013 வரை அதே நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பணியாற்றினார்.

படத்தில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் காட்சிகள் பரபரப்பானவை. நடைமுறையில் ஆட்கொணர்வு மனுக்கள் பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களின் அடிப்படையிலேயே முடிவாகின்றன. சாட்சி விசாரணை அரிது. ஆனால் முன்னுதாரணம் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-இல் பிடித்துச் செல்லப்பட்ட கோழிக்கோடு பொறியியல் மாணவர் ராஜனுக்காக, அவருடைய தந்தை ஈச்சர வாரியர் 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில் நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்தது. அதன் விளைவாக முதலமைச்சர் கே.கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. படமும் இவ்வழக்கைக் குறிப்பிடுகிறது.

எல்லை எங்கே வருகிறது?

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது சாசனத்தின் 22-ஆவது பிரிவு. அவ்வாறு நிறுத்தப்பட்டு, நீதிமன்றமே காவலில் வைக்க உத்தரவிட்டுவிட்டால், அந்தக் காவல் சட்டத்தின் பெயரால் நடப்பதாகிவிடுகிறது. அந்த உத்தரவு அதிகார வரம்பை மீறியதாகவோ, மனத்தைச் செலுத்தாமல் இயந்திரத்தனமாகப் பிறப்பிக்கப்பட்டதாகவோ இருந்தாலொழிய ஆட்கொணர்வு மனு நிலைக்காது. அதன்பின் ஜாமீனும் வழக்கு விசாரணையுமே வழி.

மார்டள்ளி வட்டார மக்கள் எதிர்கொண்டது இந்த இரண்டாவது நிலையை. ராஜாக்கண்ணு பிடித்துச் செல்லப்பட்ட அதே 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று, மாதேஸ்வரன் மலை அருகே பாலாற்றில் வீரப்பன் கும்பல் நடத்திய கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் கொல்லப்பட்டனர். அதையடுத்த தேடுதல் வேட்டையில் சுற்றுவட்டார மக்கள் பலர் 'தடா' சட்டத்தின் கீழ் கைதாயினர். அச்சட்டத்தில் ஜாமீன் பெறுவது மிகக் கடினம். காவல் கண்காணிப்பாளரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்பட்டது. 1995-இல் தடா காலாவதியான பிறகும் பழைய வழக்குகள் தொடர்ந்தன.

2001 செப்டம்பரில் மைசூரு சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலையாயினர். அவர்களுள் பலர் அதற்குள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கழித்திருந்தனர். அவர்கள் எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே 'ஆளைக் கொண்டு வா' என்று கேட்பதற்கு அங்கே இடமிருக்கவில்லை.

திரைக்கதையை மிஞ்சிய திருப்பம்

ஆயுள் தண்டனை பெற்றவர்களுள் நால்வர் மேல்முறையீடு செய்தனர். 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களின் தண்டனையைக் குறைப்பதற்கு மாறாகத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. அவர்களின் கருணை மனுக்கள் சுமார் ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் இருந்து, 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டன. கருணை மனுவில் காரணமற்ற நீண்ட தாமதம், வாழ்வுரிமையை உறுதி செய்யும் 21-ஆவது பிரிவுக்கு எதிரானது எனக் கூறி, 2014 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் நால்வரின் தண்டனையையும் மீண்டும் ஆயுளாகக் குறைத்தது.

அதிரடிப்படை மீதான அத்துமீறல் புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஜே.சதாசிவா தலைமையிலான குழுவைத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் அமைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்க 2007-இல் உத்தரவிடப்பட்டது.

குடும்பத்தினர் அறிய வேண்டியவை

கைது குறித்த தகவலை உறவினருக்குத் தெரிவிப்பதும், கைதுக் குறிப்பாணை தயாரிப்பதும் காவல்துறையின் கடமை என 1996-ஆம் ஆண்டு டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆள் எங்கே என்றே தெரியாத நிலையில் முதலில் தட்ட வேண்டிய கதவு ஆட்கொணர்வு மனு. ஆள் சிறையில் இருப்பது தெரிந்துவிட்டால், வழக்கறிஞரின் உழைப்பு ஜாமீன், விசாரணை, மேல்முறையீடு எனப் பல ஆண்டுகள் நீளக்கூடும். இரண்டரை மணி நேரப் படத்தில் அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை.