பொற்பாவை காத்திருந்தாள்!

அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள் ஒரு பட்டியல் வெளியாயிற்று. தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் ‘எம்மி’ பரிசுக்கு யார் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று தெரிவிக்கும் பட்டியல். ‘சக்ஸஷன்’ என்ற ஒரு தொடருக்கு மட்டும் 27 இடங்கள். ஏடுகள் கொட்டை எழுத்திலே போட்டன. வாழ்த்துகள் பறந்தன.

மறுநாள் 13-ஆம் நாள். அதே நகரிலே இன்னொரு செய்தி. நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது! நள்ளிரவு தாண்டியதும் வேலை நின்றது. முதல் நாள் பரிசுப் பட்டியலிலே பெயர் வந்தவர், மூன்றாம் நாள் படப்பிடிப்பு நிலையத்து வாயிலிலே அட்டை தூக்கி நின்றார். அவருக்கு முன்பே, மே 2-ஆம் நாள் தொட்டு, எழுத்தாளர்கள் அதே வாயிலை வெயிலிலே சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

பரிசளிப்பு விழாவுக்குக் குறித்திருந்த நாள் செப்டம்பர் 18. நாள் வந்தது, விழா வரவில்லை. சிறகு விரித்த பெண்ணொருத்தி அணுவின் உருவத்தைக் கையிலே ஏந்தி நிற்பதுதான் எம்மிச் சிலை. அந்தப் பொற்பாவையை வாங்கிக்கொள்ள வேண்டியவர்களெல்லாம் தெருவிலே நின்றார்கள். அவள் காத்திருந்தாள்.

“நடிகனுக்கு ஏது வேலைநிறுத்தம்? கோடி கோடியாய்க் குவிப்பவனுக்குக் கூலிப் போராட்டமா?” — ஆலை வாயிலிலே தேநீர் அருந்தும் தோழர் இப்படிக் கேட்பார். கேட்பதிலே தவறில்லை. சுவரொட்டியிலே தெரிகிற முகம் பத்து. அந்தப் பத்து முகத்தை வைத்துத்தான் நாமெல்லாம் அந்தத் தொழிலை எடை போடுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம். அந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஏறத்தாழ 1,60,000 பேர். சங்கத்தின் வழியே மருத்துவக் காப்பீடு கிடைக்க வேண்டுமானால் ஒருவர் அந்த ஆண்டுக் கணக்குப்படி 26,470 டாலராவது நடிப்புத் தொழிலிலே ஈட்டியிருக்க வேண்டும். காப்பீடு இல்லாதவன் மருத்துவமனைப் படியேறினால் கடனாளியாகத்தான் இறங்க வேண்டிவரும் நாடு அது. அந்தத் தொகையை எட்ட முடியாதவர்கள் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல்! கடைக்காரனாக வந்து ஒரு வரி பேசிவிட்டுப் போகிறவர், கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறவர், துப்பறியும் கதையிலே பிணமாகப் படுத்துக் கிடக்கிறவர் — இவர்கள்தாம் நடிகர் சங்கம். மாளிகையிலே வாழும் சிலரும் அதிலே இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எழுத்தாளர் கதை இன்னும் வேடிக்கை. ‘தி பேர்’, அதாவது ‘கரடி’ என்று ஒரு தொடர். சிகாகோ நகரிலே ஓர் எளிய உணவுக் கடை. அதன் அடுக்களையிலே வெந்து மடியும் உழைப்பாளிகளின் கதை. நாடே புகழ்ந்தது. 2023 மார்ச்சிலே எழுத்தாளர் சங்கம் தன் சொந்தப் பரிசை அதற்கு வழங்கியது. அதை எழுதியவர்களில் ஒருவர் மேடைக்கு வந்தார். கழுத்திலே கட்டியிருந்த ‘டை’ கடனுக்கு வாங்கியது. வங்கிக் கணக்கிலே இருந்தது பூஜ்யத்துக்கும் கீழே! அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்ன செய்தி இது. அடுக்களைத் தொழிலாளியின் அவலத்தை எழுதிப் பரிசு வாங்கியவன் நிலை, அந்த அடுக்களைத் தொழிலாளியின் நிலையைவிட எந்த வகையிலே மேல்?

ஏன் இந்த நிலை? முன்பு ஒரு வழக்கம் இருந்தது. தொடர் ஒருமுறை ஒளிபரப்பாகி முடிந்த பிறகு, மீண்டும் காட்டப்படும்போதெல்லாம் அதிலே உழைத்தவர்களுக்கு ஒரு பங்குத் தொகை வரும். வேலையில்லாத மாதங்களிலே அடுப்பெரிய அதுதான் விறகு. ஆண்டுக்கு 22 அத்தியாயம், 24 அத்தியாயம் என்று எழுதிய காலம் அது. எழுத்தாளனுக்கு ஏறக்குறைய ஆண்டு முழுதும் வேலை.

பிறகு வந்தன இணையவழித் திரை நிறுவனங்கள். நெட்பிளிக்ஸ், அமேசான், ஆப்பிள் — நம் வீட்டுக் கைபேசியிலும் இன்று கண் சிமிட்டும் அதே பெயர்கள். எட்டு அத்தியாயம், பத்து அத்தியாயத்தோடு தொடர் முடிந்தது. எழுதும் அறையிலே ஆள் குறைந்தது, வாரம் குறைந்தது. ‘மறு ஒளிபரப்பு’ என்பதே இல்லாமற்போயிற்று — எந்நேரமும் கிடங்கிலே கிடக்கும் சரக்குக்கு மறு ஒளிபரப்பு ஏது? எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் முதலாளியின் பெட்டிக்குள்ளே பூட்டிக் கிடந்தது. விளைச்சலை அளந்து காட்டாமலே வாரம் கொடுக்கும் பண்ணையாரைத் தஞ்சைத் தோழர்களுக்கு நினைவிருக்கும்.

‘சூட்ஸ்’ என்று ஒரு வழக்கறிஞர் தொடர். முடிந்து ஆண்டுகள் சில ஆன பின், 2023-இலே இணையத்திலே திடீரென்று பெருவெற்றி பெற்றது. வாரத்துக்கு 300 கோடி நிமிடங்கள் பார்க்கப்பட்டதாகக் கணக்கு வந்தது. அதன் தொடக்க கால எழுத்தாளர் அறுவருக்கும் சேர்த்து ஒரு காலாண்டுக்குக் கிடைத்தது 3,000 டாலருக்கும் குறைவு என்று அவர்களில் ஒருவரே ஏட்டில் எழுதினார். அறுவருக்கும் சேர்த்து! ‘ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்’ தொடரின் நடிகை கிமிகோ கிளென், வெளிநாட்டுத் திரையீட்டுக்காகத் தமக்கு வந்த சீட்டைக் காட்டினார். 27 டாலர் 30 சென்ட்!

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? டிஸ்கவரி நிறுவனத் தலைவர் டேவிட் சாஸ்லாவுக்கு 2021-ஆம் ஆண்டுக்குக் கணக்கிடப்பட்ட ஊதியம், பங்கு உரிமைகளும் சேர்த்து, 24 கோடி 60 லட்சம் டாலருக்கு மேல். மறு ஆண்டே வார்னர் பிரதர்ஸும் அவர் ஆட்சியின் கீழ் வந்தது. 11,500 எழுத்தாளர்கள் சேர்ந்து கேட்டது ஆண்டுக்கு 42 கோடி 90 லட்சம். தயாரிப்பாளர் கூட்டமைப்பு தருவதாகச் சொன்னதோ 8 கோடி 60 லட்சம் — இது சங்கத்தின் மதிப்பீடு. ஓர் ஆளின் ஓராண்டுப் படியளப்பிலே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். அதைப் பதினோராயிரத்து ஐந்நூறு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமாம்!

டிஸ்னி நிறுவனத் தலைவர் பாப் ஐகர், நடிகர்கள் முடிவெடுத்த அந்த 13-ஆம் நாளே, இவர்கள் எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்றார். எங்கிருந்து சொன்னார்? பெருஞ்செல்வர்கள் ஆண்டுதோறும் கூடும் சன் வேலி மலைவாசத்திலிருந்து. பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு நிர்வாகி, எழுத்தாளர்கள் வீடு வாசல் இழக்கும்வரை இழுத்தடிப்பதுதான் திட்டம் என்று ஏடொன்றிலே சொன்னதாகச் செய்தி வந்தது. அது தங்கள் கருத்தல்ல என்று கூட்டமைப்பு மறுத்தது. மறுப்பை நாமும் குறித்துக்கொள்கிறோம். வேலைநிறுத்தம் நீண்டதையும் குறித்துக்கொள்கிறோம்.

மரத்தின் கதையை விட்டுவிட முடியாது. யுனிவர்சல் நிலையத்து வாயிலுக்கு வெளியே நடைபாதையிலே அத்திக் குடும்பத்து மரங்கள் வரிசையாக நின்றன. அட்டை தூக்கியவர்களுக்கு அந்த நிழல் ஒன்றுதான் சொத்து. ஜூலை வெயில் உச்சியிலே கொளுத்தும்போது ஒருநாள் மரங்கள் மொட்டையாக நின்றன! ஆண்டுதோறும் பாதுகாப்புக்காகச் செய்கிற வேலைதான் என்றது நிறுவனம். நகரத் தணிக்கை அதிகாரி கென்னத் மெஹியா ஏட்டைப் புரட்டினார். வெட்டுவதற்கு அனுமதிச் சீட்டே வாங்கப்படவில்லை. தண்டம் விதித்தார்கள். எவ்வளவு? 250 டாலர். நிழலின் விலை அவ்வளவுதான்.

கூலி மட்டும் கேட்டிருந்தால் சண்டை எளிதிலே முடிந்திருக்கும். குறுக்கே வந்து நின்றது எந்திரம். கூட்டத்திலே நிற்கும் துணை நடிகரை ஒருநாள் கூலி கொடுத்து, எந்திரத்தால் உடல் முழுதும் படமெடுத்துக்கொண்டு, அந்த உருவத்தை என்றென்றும் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று நடிகர் சங்கம் குற்றம் சாட்டியது. ஒப்புதலின்றிச் செய்வதாக நாங்கள் சொல்லவில்லை என்றார்கள் தயாரிப்பாளர்கள். நெசவாளிக்கு எதிரே விசைத்தறி வந்தது. அச்சுக் கோப்பவன் எதிரே கணினி வந்தது. இங்கே மனிதனின் முகமே எந்திரத்துக்குள்ளே போய், அவன் வேலையை அவன் முகமே பறித்துக்கொள்ளும் காலம்!

அந்நாளிலே நடிகர் சங்கத்துக்குத் தலைவி பிரான் டிரெஷர். ‘தி நானி’ என்ற நகைச்சுவைத் தொடரிலே, 1993 முதல் 1999 வரை, செல்வர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணாக நடித்தவர். அதன் ஓர் அத்தியாயத்திலே, வேலைநிறுத்தம் செய்பவர் வரிசையைத் தாண்டி உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடிப்பார். நகைச்சுவைக்காக எழுதிய காட்சி; முப்பது ஆண்டுக்குப் பிறகு அவரே அந்த வரிசையின் தலைப்பிலே நின்றார். ‘கூத்தாடிகளுக்கு அரசியல் எதற்கு’ என்று நம் நாட்டிலே ஏசினவர்களை நாம் மறக்கவில்லை. அவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

எழுத்தாளரும் நடிகரும் ஒரே நேரத்திலே வேலைநிறுத்தம் செய்தது அதற்கு முன் 1960-இலேதான். அப்போது நடிகர் சங்கத் தலைவர் யார் தெரியுமா? ரொனால்டு ரீகன்! ஆம், பின்னாளிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவரான அதே ரீகன். மார்ச் 7 தொடங்கி ஆறு வாரம் படப்பிடிப்பு நின்றது. திரைப்படங்களைத் தொலைக்காட்சியிலே போடும்போது நடிகருக்கும் பங்கு உண்டு என்பதும், ஓய்வூதியமும், மருத்துவ நிதியும் அந்தப் போராட்டத்திலே கிடைத்தவை. ஆனால் 1960-க்கு முன் எடுத்த படங்களுக்கான உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். மூத்த நடிகர்கள் பலருக்கு அந்த வடு ஆறவேயில்லை. அந்த ரீகன்தான், நாட்டின் தலைவரான பின் 1981-இலே, வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000 பேருக்கு மேல் ஒரே வீச்சிலே வீட்டுக்கு அனுப்பினார். சங்கக் கொடியின் கீழே நின்றவன் எல்லாம் கடைசிவரை நிற்பான் என்று நம்பிவிட வேண்டாம், தோழர்களே.

பரிசு மேடைக்கும் போராட்டத்துக்கும் நடந்த மோதல் 2023-இலே புதிதல்ல. 1980-இலும் நடிகர் வேலைநிறுத்தம் நடந்தது. செப்டம்பர் 7-ஆம் நாள் எம்மி விழாவை ஒத்திவைக்காமல் நடத்தியே தீருவோம் என்று நடத்தினார்கள். நடிகர்கள் புறக்கணித்தார்கள். பரிசு பெற்ற நடிகர்களிலே வந்து வாங்கியவர் ஒரே ஒருவர் — பவர்ஸ் பூத். பெயர் படிக்கப்படும், கைதட்டு எழும், வருவார் இல்லை! 2008 ஜனவரியிலே எழுத்தாளர் போராட்டத்தின்போது கோல்டன் குளோப் விழா வெறும் செய்தியாளர் கூட்டமாகச் சுருங்கிற்று. 2023-இலே விழாவைத் தள்ளி வைத்தவர்களுக்கு இந்தப் பழைய காட்சிகள் நினைவிலே இருந்திருக்கும்.

எழுத்தாளர் வேலைநிறுத்தம் 148 நாள். நடிகருடையது 118 நாள். லாரியும் ஊர்தியும் ஓட்டும் டீம்ஸ்டர்ஸ் சங்கத்துத் தோழர்கள், மறியல் வரிசையைத் தாண்டி வண்டியை விடமாட்டோம் என்று நிறுத்தினார்கள். அதனாலேயே பல படப்பிடிப்புகள் படுத்துவிட்டன. வண்டி வராவிட்டால் விளக்கு வராது, உடை வராது, உணவு வராது. பேனா பிடிப்பவனுக்குச் சக்கரம் பிடிப்பவன் துணை நின்றான். விலையும் கொடுத்தார்கள் — தச்சர், மின்தொழிலாளி, தையற்காரர், ஒப்பனைக்காரர், தாங்கள் அறிவிக்காத வேலைநிறுத்தத்திலே தங்கள் கூலியை இழந்தவர்கள். வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் இவர்களை அடிக்குறிப்பிலே தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் பட்டினியும் அந்த ஒப்பந்தத்தின் மையிலே கலந்திருக்கிறது.

என்ன கிடைத்தது? எழுத்தாளருக்கு ஆண்டுக்கு 23 கோடி 30 லட்சம் டாலர் என்பது சங்கத்தின் கணக்கு. கேட்டதிலே பாதிக்குச் சற்று மேல். முதலில் தருவதாகச் சொன்னதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஓர் அறையிலே இத்தனை எழுத்தாளராவது இருக்க வேண்டும் என்ற வரம்பு வந்தது. எந்திரம் எழுதியதை இலக்கியம் என்று கணக்கெழுதி எழுத்தாளன் கூலியிலே கைவைக்கக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். பூட்டிக் கிடந்த பார்வைக் கணக்கும் ஓரளவு திறந்தது: உள்நாட்டுச் சந்தாதாரரில் நூற்றுக்கு 20 பேருக்கு இணையான பார்வை முதல் 90 நாளிலே கிடைத்தால் கூடுதல் தொகை. நூற்றுக்கு 99 பேர் ஒப்புதல் வாக்களித்தார்கள். நடிகர் சங்கத்திலே ஒப்புதல் நூற்றுக்கு 78தான். முகத்தைப் படியெடுக்கும் எந்திரத்துக்கு இன்னும் வழி திறந்தே இருக்கிறது என்று அஞ்சியவர்கள் பலர். அந்த அச்சம் வீண் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

பொற்பாவை கடைசியிலே மேடையேறியது 2024 ஜனவரி 15-ஆம் நாள். அமெரிக்காவிலே அன்று மார்ட்டின் லூதர் கிங் நாள். மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்திலே, 1968 ஏப்ரலிலே சுட்டுக் கொல்லப்பட்டவர் கிங். நாளைக் குறித்தவர்கள் அதை எண்ணிக் குறித்தார்களோ, இல்லையோ!

அன்றிரவு சிறந்த தொடர் என்று பரிசு வாங்கியது ‘சக்ஸஷன்’ — செய்தி நிறுவன முதலாளி ஒருவரின் சொத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் கதை. நகைச்சுவைப் பிரிவிலே வென்றது ‘தி பேர்’, அந்த அடுக்களைக் கதை. கடன் வாங்கிய டையோடு மேடையேறியவரும் மற்ற எழுத்தாளர்களும் போராடிப் பெற்ற ஒப்பந்தத்துக்கு ஆயுள் மூன்றாண்டு. 2026 மே 1 வரை என்று நாள் குறித்துக் கையொப்பமிட்டிருந்தார்கள். மே நாள்வரை!