ஃபேன் மோட்டார் போச்சா? 3,000 ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி இதை செக் பண்ணுங்க!



மாசக் கடைசி. அக்கவுண்ட்ல 2,000 ரூபாய்தான் இருக்கு. அந்த நேரம் பார்த்து சீலிங் ஃபேன் நிக்குது. "மோட்டார் போச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்னு யாராவது சொன்னதும் கிரெடிட் கார்டை எடுத்துடறோம். கொஞ்சம் பொறுங்க. பல நேரம் போனது மோட்டாரே இல்லை, 100 ரூபாய்க்குள்ள கிடைக்கிற கெப்பாசிட்டர்தான்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

1. மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு இறக்கையைக் கையால சுத்திப் பாருங்க. இறுக்கமா, கரகரன்னு சுத்தினா பேரிங் தேஞ்சிருக்கு.

2. லேசா சுத்துதா? கரண்ட் போட்டு ரெகுலேட்டரை ஃபுல்லா வைங்க. ஃபுல்ல மட்டும் ஓடி, குறைச்சா நின்னா ரெகுலேட்டர்ல கோளாறு.

3. 'உம்'முனு சத்தம் மட்டும் வருதா? காய்ந்த மரக்குச்சியால இறக்கையைத் தள்ளி, உடனே விலகிக்கோங்க. அதுக்கப்புறம் ஓடினா கெப்பாசிட்டர் போயிருக்கு. மோட்டார் நின்ற நிலையில இருந்து கிளம்பத் தேவையான விசையைத் தர்றது அதுதான். 'உம்'முனு நிக்கும்போது ஆன்லயே விடாதீங்க, வைண்டிங் சூடாகி நிஜமாவே கருகிடும்.

4. கருகல் வாசனை வந்தாலோ, ஸ்விட்ச் போட்டதும் டிரிப் ஆனாலோ வைண்டிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். உடனே ஆஃப் பண்ணிடுங்க.

கெப்பாசிட்டரை மாத்தற வேலையை எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க. ஆஃப் பண்ணின பிறகும் அதுக்குள்ள கரண்ட் தங்கியிருக்கும். பழசுல 2.5 மைக்ரோஃபாரட்னு போட்டிருந்தா புதுசும் அதே அளவுதான் இருக்கணும்.

ரிப்பேரா, புதுசா?

கெப்பாசிட்டர், ரெகுலேட்டர், பேரிங் மாதிரி சின்னச் செலவுன்னா யோசிக்காம ரிப்பேர் பண்ணுங்க. வைண்டிங் கருகியிருந்தா மட்டும் கணக்குப் போடணும்.

சாதாரண ஃபேன் சுமார் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினா மாசத்துக்கு 16 யூனிட் மிச்சம். ஒரு யூனிட் 6 ரூபாய்னு வச்சுக்கிட்டா, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1,170 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் தன் விலையை எடுக்க இரண்டரை வருஷம் ஆகும். அதனால நல்லா ஓடற ஃபேனைக் கழட்டிட்டு பிஎல்டிசி மாட்ட அவசரம் இல்லை. ஆனா ரீவைண்டிங்குக்கு 700, 800 ரூபாய் கேட்டா, அதைப் போட்டு மறுபடியும் 75 வாட் ஃபேனையே ஓட்டறதைவிட பிஎல்டிசி லாபம்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்க மொத்தப் பயன்பாடே அதுக்குள்ள இருந்தா, பில்லுல மிச்சம் எதுவும் வராது.

வாடகை வீடா?

ஃபேன் ஓனரோடதுன்னா முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அவர் மாத்தித் தரலைன்னா நீங்களே புதுசு வாங்கி மாட்டுங்க, பழசைப் பத்திரமா பரண்ல வைங்க. காலி பண்ணும்போது பழசை மாட்டிட்டு, உங்க ஃபேனைக் கையோட எடுத்துட்டுப் போயிடலாம். பில்லும் வாரண்டி கார்டும் உங்க பேர்லயே இருக்கட்டும்.