தரவுத்தள இணைப்பில் முன்னமைப்பின் பங்கு

மழையளவு, பயிர் விளைச்சல், மாணவர் வருகை முதலிய விவரங்கள் இன்று தொலைவிலுள்ள தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. களப்பணியாளரின் கணினியிலுள்ள மென்பொருள், சர்வர் எனப்படும் தலைமைக் கணினியுடன் தொடர்பு கொள்கிறது. இத்தொடர்பின் விதத்தை நாம் குறிப்பிடாவிடில், மென்பொருள் தானே மேற்கொள்ளும் முறைக்கு முன்னமைப்பு என்று பெயர். பெரும்பாலோர் அதனை மாற்றுவதில்லை. ஆகவே அது செம்மையாயிருத்தல் அவசியம்.

உதாரணமாக, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இணைப்பு மென்பொருளில் குறியாக்கத்திற்கு ஆறு படிகள் உள்ளன. அவற்றுள் 'பிரிஃபர்' என்பதே முன்னமைப்பு. சர்வர் இசைந்தால் செய்திகள் மறைமொழியில் செல்லும். இசையாவிடில், எச்சரிக்கை ஏதுமின்றி வெளிப்படையாகவே செல்லும். இடைவழியில் ஒருவன் புகுந்து குறியாக்கத்தைத் தடுத்தாலும் பணியாளர் அதனை அறியார். 'ரிக்வயர்' என்னும் படி குறியாக்கத்தைக் கட்டாயமாக்குகிறது. ஆயினும், சான்றிதழைச் சோதிக்க ஏற்பாடு செய்யாதவரை, மறுமுனையிலிருப்பது உண்மையான சர்வர்தானா என்பது தெரியாது. இது பூட்டிய பெட்டியைத் திறவுகோலுடன் அயலானிடம் ஒப்படைப்பதை ஒக்கும். 'வெரிஃபை-ஃபுல்' என்னும் படியே சான்றிதழையும் அதிலுள்ள சர்வரின் பெயரையும் ஒருங்கே சோதிக்கிறது.

இனிக் கடவுச்சொல்லைக் கவனிப்போம். 'ஸ்க்ராம்' முறையில் கடவுச்சொல் அனுப்பப்படுவதில்லை. அதனை நாம் அறிவோம் என்பதற்கான கணித நிரூபணம் மட்டுமே அனுப்பப்படுகிறது. சர்வரும் தன் உண்மையை நிரூபித்தாக வேண்டும். 2017-ல் 10-ஆம் பதிப்பில் புகுத்தப்பட்ட இம்முறை, 2021-ல் 14-ஆம் பதிப்பில் கடவுச்சொற்களைச் சேமிக்கும் முன்னமைப்பாயிற்று. எனினும், போலிச் சர்வர் ஒன்று கடவுச்சொல்லை அப்படியே கேட்டால் மென்பொருள் இணங்கிவிடக்கூடும். இன்ன முறையை மட்டுமே ஏற்பது என்று பணியாளர் தரப்பிலேயே வரையறுக்கும் வசதி, 2023-ல் 16-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

முன்னமைப்பைக் கடுமையாக்கினால் சில இணைப்புகள் தடைப்படும் என்பது உண்மையே. 2022-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஓடிபிசி 18-ஆம் இயக்கியில் குறியாக்கத்தை முன்னமைப்பாக்கியபோது, நம்பத்தக்க சான்றிதழ் இல்லாத சர்வர்களுடன் இணைப்பு ஏற்படவில்லை. ஆனால் அத்தகைய தடை கண்ணுக்குத் தெரிவது; திருத்தத்தக்கது. ஓசையின்றி நிகழும் கசிவோ அவ்வாறன்று.

ஆகவே, 'வெரிஃபை-ஃபுல்' படியையும் 'ஸ்க்ராம்' முறையையும் இணைப்பு அமைப்பில் வெளிப்படையாகக் குறிப்பிடுதல் வேண்டும். சான்றிதழ்ப் பிழை தோன்றினால், சோதனையை நிறுத்திவிடாது, சரியான சான்றிதழை நிர்வாகியிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். இணைப்பு ஏற்பட்டதா என்பதோடு நில்லாமல், யாருடன் ஏற்பட்டது என்றும் வினவும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவரிடையே வளர்ப்பது நன்று.