பொத்தானுக்குக் கணக்கு தெரிய வேண்டாம்

ஓசூர் சிப்காட் பக்கம் வாகன ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அன்டான் கயிறு என்றால் விளக்கத் தேவையில்லை. டொயோட்டாவிலிருந்து உலகெங்கும் பரவிய முறை அது. போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் லைனில் நிற்கும் தொழிலாளி கயிற்றை இழுப்பார், விளக்கு எரியும், லைன் லீடர் ஓடி வருவார். ஓசூரில் வண்டி செய்யும் டிவிஎஸ் மோட்டார், 2002இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசையே வாங்கியது. கீழே நடப்பது உடனே மேலே தெரிய வேண்டும் என்பது இங்கே ஊறிப்போன பாடம்.

இணையத் திரைகளுக்கும் இதே தேவை உண்டு. ஃபேஸ்புக் 2013 மே மாதம் பொதுவில் வெளியிட்ட ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தில், திரை என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த காம்பொனென்ட்கள். தகவல் வெளியே இருக்கும் பேரன்ட்டிலிருந்து உள்ளே இருக்கும் சைல்டுக்கு இறங்கும். சைல்டு அதில் கைவைக்கக் கூடாது. அப்படியானால் சைல்டில் இருக்கும் ‘பழுது’ பொத்தானை அழுத்திய செய்தி மேலே போவது எப்படி? பேரன்ட் தன்னுடைய ஃபங்ஷன் ஒன்றையும் தகவலோடு சேர்த்துக் கீழே கொடுத்துவிடுகிறது. அழுத்தியதும் சைல்டு அதை அழைக்கும். பழுதுகளின் எண்ணிக்கை மாறுவது பேரன்ட்டில்.

இதன் அருமை ஓசூர் போன்ற எல்லையோர ஊருக்கு நன்றாகவே புரியும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே ஷிப்டில் கேட்கும் இடம் இது. அந்தப் பொத்தானை நான்கு மொழிக்கு நான்கு முறை எழுத வேண்டாம். எழுத்தும் ஃபங்ஷனும் மேலிருந்து வருவதால் ஒரே பொத்தான் எல்லா இடத்துக்கும் பொருந்தும். கணக்கு தப்பினாலும் தேட வேண்டிய இடம் ஒன்றுதான்.

புதிதாகக் கற்பவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஃபங்ஷனின் பெயரை மட்டுமே கொடுக்க வேண்டும். பழக்கத்தில் பின்னால் ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டுவிட்டால், அங்கேயே அதை இயக்கிவிட்டோம் என்று பொருள். யாரும் தொடாமலே, திரை வரையப்படும்போதே பழுது ஒன்று கூடும்; கூடியதால் திரை மறுபடி வரையப்படும்; மறுபடியும் கூடும். சில சுற்றுக்குப் பிறகு ரியாக்ட் பிழைச் செய்தி காட்டி நிறுத்திவிடும். பழுது நேர்ந்த ஸ்டேஷனின் எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா? அந்த அழைப்பை இன்னொரு சின்ன ஃபங்ஷனுக்குள் பொதிந்து கொடுங்கள். அழுத்தும்வரை அது இயங்காது.

பொத்தான் ஆறேழு அடுக்கு ஆழத்தில் இருந்தால், இடையில் உள்ளவை எல்லாம் தமக்கு வேண்டாத ஃபங்ஷனைக் கைமாற்ற வேண்டிவரும். அதற்குக் கான்டெக்ஸ்ட் என்ற குறுக்குவழி இருக்கிறது. இரண்டு மூன்று அடுக்குக்கெல்லாம் அதை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கைமாறி வந்த ஃபங்ஷன் என்றால், எங்கிருந்து புறப்பட்டது என்று ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்துவிடலாம்.