பழைய வாகனங்களில் கூலண்ட் மாற்றுதல்

கூலண்ட் என்பது எஞ்சினின் சூட்டை ஏந்திச் சென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விடும் நீர்மம். எத்திலீன் கிளைகால், நீர், அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் ஆகியவை இதில் உள்ளன. பாதிக்குப் பாதி நீர் கலந்த கூலண்ட் –37 டிகிரி செல்சியசு வரை உறையாது. வேலூர் வெயிலில் உறைவதற்கு என்ன இருக்கிறது, குழாய்த் தண்ணீரே போதாதா என்று பலர் கேட்பதுண்டு. அம்பாசடர் காலத்தில் அப்படித்தான் ஓட்டினார்கள். அதன் எஞ்சின் கனத்த வார்ப்பிரும்பு; துரு பிடித்தாலும் பல ஆண்டுகள் தாங்கியது. மாருதி 800 முதலான பிற்கால வண்டிகளின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது.

அதிலும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தண்ணீர் தனிக் கதை. தோல் பதனிடத் தோலில் இடப்படும் உப்பு கழிவுநீரோடு கலந்து, பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைப் பல இடங்களில் உவராக்கிவிட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கு இதைப் பற்றியதே. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. நீரிலுள்ள குளோரைடு அதைத் துளைத்து உலோகத்தைக் குழிகுழியாக அரிக்கிறது. கால்சியமோ, டீ போடும் பாத்திரத்தில் படிவதைப்போல ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கிறது. நல்ல கூலண்டை வாங்கி அதில் போர் தண்ணீரைக் கலப்பது பாதிப் பணத்தை வீணாக்குவதாகும். பாஸ்பேட் சேர்ந்த கூலண்டாக இருந்தால் அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து வண்டலாகவும் இறங்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே இதற்கு உரியது.

பழைய வண்டி வாங்கியவர் முதலில், எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். செம்பழுப்பு நிறம் துருவைக் காட்டும். எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். அப்போது கூலண்ட் மாற்றுவதால் பயனில்லை.

ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகையோ கீழ் ஹோஸையோ கழற்றி, பழைய நீரைப் பாத்திரத்தில் பிடிக்கவும். ஹீட்டர் இருந்தால் அதன் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பி வைக்கவும். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, மேல் ஹோஸ் சுடும் வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். அது சுட்டால்தான் தெர்மோஸ்டாட் திறந்து, நீர் எங்கும் சுற்றியிருக்கிறது என்று பொருள். பிறகு ஆறவிட்டு வடிக்கவும். நீர் தெளிவாக வரும்வரை, மூன்று நான்கு முறையானாலும், இதைச் செய்ய வேண்டும். அமிலம் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்பவர்களிடம் பழைய ரேடியேட்டரைக் கொடுக்காதீர்கள். துளையை அடைத்திருந்த படிவும் கரைந்து ஒழுகத் தொடங்கும்.

எவ்வளவு வடித்தாலும் எஞ்சின் பிளாக்கினுள் கொஞ்சம் நீர் தங்கும். எனவே கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் அது நீர்த்துப்போகும். அடர் கூலண்டை வாங்கி, வண்டியின் மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவதே சரி. கொள்ளளவும் கூலண்ட் வகையும் வண்டியின் கையேட்டில் இருக்கும். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. அது வெறும் சாயம். நிரப்பியபின் மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓட்டினால் காற்றுக்குமிழிகள் வெளியேறும்.

மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். 0.9 என்று குறித்த மூடி அழுத்தத்தைத் தாங்கினால் வெறும் நீரே ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். வளையம் கிழிந்திருந்தால் 100லேயே கொதித்துவிடும். மே மாதத்தில் அமிர்தியிலிருந்து ஜவ்வாது மலை ஏறும்போது இந்த வேறுபாடு தெரியும். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது நம் பக்கத்துப் பழக்கம். அது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பது.

வடித்த கூலண்டைச் சாக்கடையிலோ காட்டோரத்திலோ கொட்டக் கூடாது. எத்திலீன் கிளைகால் இனிக்கும் நஞ்சு. நாய், ஆடு, மாடு நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறக்கும். குழந்தை விழுங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவைத் தனியே சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம்.

அடுத்த ஒரு வாரம், காலையில் வண்டி எடுக்கும் முன் ரிசர்வ் டேங்க் அளவைப் பார்த்து வரவும். முதல் இரண்டு நாள் சற்றே இறங்குவது காற்று வெளியேறுவதால். அதன் பிறகும் இறங்கி, தரையில் ஈரமும் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.