தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி: தந்தையின் பங்கு எங்கே?

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வியும் சிபிலிஸும் தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என 2019 ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் கர்ப்பவதி கிளினிக்குகளுக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆனால் இரத்தம் கொடுப்பவரும் முடிவுக்காகப் பயந்து காத்திருப்பவரும் தாய் மட்டுமே. கணவர் பெரும்பாலும் கேற்றுக்கு வெளியே நின்றுவிடுகிறார்.

தொற்றுள்ள தாயிடமிருந்து கர்ப்ப காலத்திலோ, பிரசவத்தின்போதோ, தாய்ப்பாலூட்டும்போதோ குழந்தைக்கு எச்.ஐ.வி செல்லலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரையானோருக்குத் தொற்றக்கூடும். உரிய காலத்தில் மருந்து கிடைத்தால் அது ஐந்துக்கும் குறைவாகிறது. வழி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது கணவரின் பங்கு எதற்கு? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, மனைவியின் பரிசோதனை முடிவு கணவரின் முடிவல்ல. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாமலிருக்கலாம். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தொற்று இல்லை என்று உறுதியான தாய்க்கு, பின்னர் கணவர் மூலம் அது வரலாம். புதிதாகத் தொற்றிய வேளையில் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதால் குழந்தைக்கான ஆபத்தும் அதிகம்.

இரண்டாவது, சிபிலிஸ். பெனிசிலின் ஊசியால் தாய் குணமடைவார். கணவர் சிகிச்சை பெறாவிட்டால் அதே நோய் மீண்டும் அவருக்குத் தொற்றும்.

மூன்றாவது, மருந்து. எச்.ஐ.வி மருந்தை ஒரு நாளும் தவறாமல் எடுக்க வேண்டும். கணவருக்குப் பயந்து மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் பெண்ணால் அது முடியுமா? கணவர் அறிந்து துணை நின்றால், நேரத்துக்கு மருந்தும் தவறாத கிளினிக்கும் சாத்தியமாகும்.

நமது சமூகத்தில் கிளினிக் என்பது பெண்களின் இடம். அங்கு ஆண் போனால் கேலி, இரத்தப் பரிசோதனை கேட்டால் சந்தேகம். பரிசோதனை யாருடைய ஒழுக்கத்துக்கும் வழங்கும் சான்றிதழ் அல்ல. சீனி, பிரஷர் பார்ப்பது போல அதுவும் உடல்நலம் அறியும் ஒரு வழி. தொற்று முதலில் மனைவியிடம் கண்டறியப்பட்டது என்பதற்காக அவரே அதைக் கொண்டுவந்தார் என்றாகாது. அவர் முதலில் பரிசோதிக்கப்பட்டார், அவ்வளவுதான். இது புரியாததால் குற்றம் சுமத்தப்படும் பெண் சிகிச்சையையே கைவிடுகிறார். அதன் விலையைப் பிறக்கவிருக்கும் குழந்தை கொடுக்கிறது.

அரச வைத்தியசாலைகளுடன் இயங்கும் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியம் பேணப்படும். கணவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தாலும் வழியுண்டு. தொடர்ச்சியான மருந்தால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றாது.

தந்தையாகப் போகும் சகோதரர்களே, அடுத்த கிளினிக் நாளன்று அரைநாள் லீவு எடுங்கள். மனைவியுடன் உள்ளே சென்று, உங்களுக்கும் பரிசோதனை செய்ய எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள்.